படுக்கை கொண்டுவந்தவன்

“ஏம்மா, உன் வீட்டுக்காரர் நெருப்பை அணைக்கப் போறாரா, இல்லே தூங்கப் போறாரா?”

கசாப்புக் கடைக்காரர் மோஸ்லி ஒருநாள் வெர்லீனிடம் இப்படிக் கேட்டார். கேட்டுவிட்டு, கத்தியைத் தீட்டியபடியே சிரித்தார். கடையில் நின்ற இரண்டு பெண்களும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் கேட்ட கேள்வி அல்ல. அவள் கணவன் எல்வுட் வேலைநாள் தோறும் காலை ஏழு மணிக்கு அந்தக் கடையைத் தாண்டித்தான் டிராம் ஏறப் போவான். விரிப்பு, கம்பளி, தலையணை எல்லாம் சேர்த்துச் சுருட்டிக் கட்டிய மூட்டை தோளில் இருக்கும். இன்னொரு கையில் மூடி போட்ட பானை ஒன்றும் ஒரு தகரத் தட்டும். தீயணைப்புக்காரன் ஒருவன் இப்படிப் போனால் யாருக்குத்தான் கேட்கத் தோன்றாது?

வெர்லீன் கறிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

என்னவென்று சொல்வாள்? அந்த நகரத்தில் கறுப்புத் தீயணைப்புக்காரர்களுக்கு என்று ரயில் யார்டுக்குத் தெற்கே ஒரே ஒரு நிலையம்தான். போன வருஷம் நகரமன்றம் ஒரு சோதனை செய்து பார்க்கத் தீர்மானித்தது. ஒரே ஒரு கறுப்பு ஆள், ஒரே ஒரு வருஷம், வெள்ளைக்காரர் நிலையத்தில் வேலை பார்க்கட்டும். ஒத்துவந்தால் மற்றவர்களும் போகலாம். ஒத்துவராவிட்டால் எல்லாம் பழையபடி. அந்த ஒரே ஆள் எல்வுட் பிக்கன்ஸ்.

முதல் நாள் அவனுக்குக் கழிப்பறைக் கதவை ஒட்டிய கட்டிலைக் காட்டினார்கள். இரண்டாம் முறை போனபோது மெத்தை நனைந்து கிடந்தது, தண்ணீரால் அல்ல. சமையலறையில் பதினொரு பேருக்கும் சேர்த்துச் சமைத்தார்கள். அவன் சாப்பிட்ட தட்டை ஒருவன் கேப்டனின் கண்முன்னாலேயே எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டான். அன்றிலிருந்து படுக்கையும் பானையும் தட்டும் அவனோடு போய் அவனோடு வந்தன.

இதுகூடப் பரவாயில்லை. வெர்லீனைப் பயமுறுத்தியது வேறொன்று.

தெற்கு நிலையத்தில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. வேலையில் ஒருவன் செத்துப்போனால், கூட வேலை பார்த்தவன் அவன் படுக்கையைச் சுருட்டிக் கட்டித் தோளில் வைத்து, தெருவோடு நடந்து போய், மனைவியின் கையில் கொடுப்பான். வாயைத் திறக்கமாட்டான். போலீஸ்காரனும் கேப்டனின் கடிதமும் அப்புறம்தான். கொண்டுவந்தவன் அந்த வீட்டில் ஒரு வாய் சாப்பிட்ட பிறகே போகவேண்டும். சாப்பிடாமல் போனால் செத்தவன் பசியோடு போவான் என்பார்கள். ஆக, அந்தத் தெருவில் தோளில் படுக்கையோடு ஒருவன் வந்தால் கதவுகள் தாமாகச் சாத்திக்கொள்ளும், வானொலிகள் தாமாக வாயை மூடும்.

இப்போது வாரத்துக்கு மூன்று முறை அவள் வாசலை நோக்கி ஒரு படுக்கை வந்தது.

“எனக்கு ஒவ்வொரு தடவையும் உசுரு போய் உசுரு வருது எல்வுட்,” என்று அவள் முதல் மாதமே சொல்லிவிட்டாள்.

“அப்போ மோஸ்லி கடை முக்குல திரும்பும்போதே விசிலடிக்கிறேன். செத்தவன் விசிலடிப்பானா?”

“விளையாடாதே.”

“விளையாடல. விசில் கேட்டா நான். கேக்கலேன்னா அப்புறம் அழு.”

பதினொரு மாதங்களாக அந்த விசில் ஒரு நாளும் தவறவில்லை. எந்தப் பாட்டும் இல்லை. இரண்டு நீளம், ஒரு குட்டை. அவ்வளவுதான்.

மூன்று வாரங்களுக்கு முன் ஒரு சாயங்காலம் எல்வுட் செருப்பைக் கழற்றாமலே சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து, “போஸ்ட் ஆபீஸ்ல ஆள் எடுக்கிறாங்களாம்,” என்றான்.

அவள் அவரைக்காய் உடைத்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

“இப்போவெல்லாம் உள்ளே போறப்போ என்னைத்தான் குழாய்முனையைப் பிடிக்க வைக்கிறாங்க. ஒவ்வொரு தடவையும். முன்னாடி இருக்கிறவன் கைவிட்டா தண்ணி போச்சு, பின்னாடி இருக்கிறவன் கைவிட்டா ஆளு போச்சு. எனக்குப் பின்னாடி யாரு நிக்கிறான்னு எனக்கே நிச்சயம் இல்லே.”

“யாரு நிக்கிறது?”

“பெரும்பாலும் டிரெஸ்லர். மத்தவனுங்களுக்கு அவன் தேவலாம். ஒருநாள் நான் மாடியில இருந்தேன், அடுப்புல என் பானை தீயப் பார்த்துச்சு. அவன் இறக்கி வெச்சிருந்தான். ஒண்ணும் பேசல. இன்னொரு நாள், படுக்கையை எதுக்கு இப்படி ரெண்டு முடிச்சுப் போட்டுக் கட்டுறேன்னு கேட்டான். எங்க வழக்கம், படுக்கை வீட்டுக்குப் போற கதை, எல்லாத்தையும் சொன்னேன். கேட்டுக்கிட்டான். பேசாத நல்லவன்னு வெச்சுக்கயேன்.”

“பேசாத நல்லவனை எனக்குப் பிடிக்காது,” என்றாள் வெர்லீன்.

ஆனாலும் அவள்தான் அவனை அந்த வேலையிலேயே இருக்கவைத்தாள். ஏணிச் சங்கத்துச் செயலாளர் ரோஸ்கோ டில்லார்ட் பக்கத்து வீடு. கறுப்புத் தீயணைப்புக்காரர்கள் நாற்பத்து மூன்று பேரும் அந்தச் சங்கத்தில்தான். செவ்வாய்க்கிழமை தோறும் தேவாலயத்தின் கீழறையில் கூடி, பதவி உயர்வுப் பரீட்சைக்கு ஒருவருக்கொருவர் பாடம் சொல்லிக்கொடுப்பார்கள். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் சங்கம்தான் தூக்கும். எல்வுட்டுக்கு நடந்த ஒவ்வொன்றையும் ரோஸ்கோ தேதி போட்டு ஒரு பதிவேட்டில் எழுதிவந்தார். “வருஷம் முடிஞ்சதும் நகரமன்றத்துல விசாரணை. இப்போ அவன் விட்டுட்டு வந்தா, பார்த்தியா அவனுங்களுக்கே பிடிக்கலேன்னு ஒரே வரியில நாற்பத்து மூணு பேரையும் மூடிப்புடுவாங்க, தங்கச்சி,” என்று அவர் சொல்லியிருந்தார். அதை அவள் தன் வாயால் எல்வுட்டிடம் சொன்னாள். கொஞ்ச நாள் பொறுத்துக்கோ என்றாள். அவன் செருப்பைக் கழற்றினான்.

விசாரணைக்கு ஒன்பது நாள் இருந்தபோது, அந்தச் செவ்வாய்க்கிழமை விடிந்தது.

ஏழு மணிச் செய்தியில் சொன்னார்கள். ரயில் பாதையை ஒட்டிய மரச்சாமான் கிடங்கில் அதிகாலை தீ. கூரை விழுந்தது. தீயணைப்பு வீரர் ஒருவரைக் காணவில்லை. பெயர் சொல்லவில்லை.

வெர்லீன் வானொலியை அணைக்கவில்லை. ஒலியை மட்டும் குறைத்தாள். அது நகரின் வடக்கு எல்லை, வெள்ளைக்காரர் நிலையத்துப் பக்கம். எல்வுட்டின் நிலையம் போகாமல் இருக்காது. பெரிய தீ என்றால் வெளியே வந்ததும் அவன் வீட்டுக்கு போன் செய்து இரண்டு மணி அடிக்கவிட்டு வைத்துவிடுவான். எடுக்க வேண்டியதில்லை. உயிரோடிருக்கிறேன் என்று அர்த்தம். அவள் போனுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

ஏழரை. போன் அடிக்கவில்லை. முந்தின நாள் எட்டுக்குத் தொடங்கிய அவன் வேலைநேரம் எட்டு மணிக்கு முடியும். எட்டுக்கும் அடிக்கவில்லை. எட்டேகாலுக்கு அடித்தது. ஒன்று. இரண்டு. அவள் மூச்சைப் பிடித்தாள். மூன்று.

எடுத்தாள்.

“ஏதாவது தெரிஞ்சுதா கண்ணு?” ரோஸ்கோவின் மனைவி ஒபீலியா.

“போனை வைங்கக்கா. வைங்க. அவரு கூப்பிடுவாரு.”

வைத்த பிறகும் அந்த மூன்றாவது மணி காதில் அடித்துக்கொண்டே இருந்தது. நான்தானே இருக்கச் சொன்னேன் என்று நினைத்தாள். உடனே, அந்த நினைப்பே அவனைக் கொன்றுவிடுமோ என்று பயந்து, எழுந்துபோய்க் கழுவிய கோப்பைகளையே மறுபடி கழுவினாள்.

எட்டே முக்காலுக்குத் தெரு மௌனமாயிற்று.

முதலில் மோஸ்லி கடை வாசலில் சளசளத்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். அப்புறம் எதிர்வீட்டு வானொலி நின்றது. வெர்லீன் ஜன்னல் திரையை விலக்கினாள். ஒரு படுக்கை வந்துகொண்டிருந்தது. நீலக்கோடு போட்ட அவளுடைய கம்பளி. விசில் இல்லை. சுமந்து வந்தவன் ஒரு வெள்ளைக்காரன். முகத்தில் கரி, தொப்பி கையில். தெருவிலிருந்த ஆண்கள் அவன் நிறத்தைப் பார்க்கவில்லை, மூட்டையைப் பார்த்தார்கள். ஒவ்வொருவராகத் தொப்பியைக் கழற்றினார்கள்.

அவள் எப்போது கதவைத் திறந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. அவன் படியேறி வந்து மூட்டையை அவள் இரண்டு கையிலும் வைத்தான். முடிச்சு இரண்டு. சரியாகத்தான் கட்டியிருந்தான்.

“டிரெஸ்லர்?” என்றாள்.

ஆமாம் என்று தலையை ஆட்டினான்.

பக்கத்து வீட்டுத் தாழ்வாரத்திலிருந்து ஒபீலியாவின் ஓலம் எழுந்தது. அதன் பிறகு எதுவும் வெர்லீன் கையில் இல்லை. சங்கத்துப் பெண்களுக்குப் பழகிய வேலை அது. ஒருத்தி சாவு வீட்டு வழக்கப்படி கண்ணாடியைத் துணியால் மூடினாள். ஒருத்தி போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, வைத்தால் சுழற்றுவதும் சுழற்றினால் வைப்பதுமாக நாற்பது வீட்டுக்கும் சொன்னாள். அரைமணி நேரத்தில் பொரித்த கோழியும் சோளரொட்டியும் கீரையும் அடுக்களை மேசையில் வந்து நிறைந்தன. வெர்லீனுக்கு அழுகை வரவில்லை. மடியில் மூட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூட்டையில் புகை வாசம் இல்லை. அவள் முந்தாநாள் துவைத்த சோப்பு வாசம்தான் இருந்தது.

டிரெஸ்லர் நழுவப் பார்த்தான். ஒபீலியா விடவில்லை. கண்ணீரைத் துடைத்துக்கொண்டே அவன் சட்டைக்கையைப் பிடித்தாள்.

“எங்க போறீங்க? படுக்கை கொண்டாந்தவங்க சாப்பிடாம போகக்கூடாது. நீங்க யாரா இருந்தாலும் சரி. உக்காருங்க.”

காராமணிப் பயறும் சோறும் போட்டு அவன் கையில் தட்டைக் கொடுத்தாள். அவசரத்தில் அவள் கைக்கு அகப்பட்டது மூட்டையில் செருகி வந்த எல்வுட்டின் தகரத் தட்டு. டிரெஸ்லர் அதைப் பார்த்தான். பதினொரு மாதங்களாக அவன் கண்முன் ஒரு மேசையின் மூலையில் தனியாக இருந்த தட்டு. அவன் கரண்டியை எடுக்கவில்லை.

“சாப்பிடுய்யா,” என்று யாரோ சொன்னார்கள். “அவனுக்காக ஒரு வாய்.”

ஒரு வாய் எடுத்தான். மெல்லவே முடியவில்லை அவனால்.

அப்போது ரோஸ்கோ உள்ளே வந்தார். வழக்கமாக எதற்கும் கலங்காத மனிதர். இன்று பதிவேட்டைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். தன் வீட்டுப் போனிலிருந்து எல்வுட்டின் நிலையத்துக்குப் பேசிவிட்டு வருகிறார்.

“கேப்டன்கிட்டப் பேசினேன்,” என்று தாழ்ந்த குரலில் வெர்லீனிடம் சொன்னார். “இன்னும் தேடுறாங்களாம். உடம்பு கிடைக்கலியாம். காணோம்னுதான் சொல்றான், செத்துட்டான்னு சொல்லமாட்டேங்கிறான்.”

வெர்லீன் நிமிர்ந்தாள். மடியிலிருந்த கம்பளியைப் பார்த்தாள். அப்புறம் சுவரோரமாகத் தட்டோடு உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தாள். கேப்டனுக்குத் தெரியாத ஒன்று இவனுக்கு எப்படித் தெரியும்? நிலையத்துக்குத் திரும்பி, கழிப்பறைக் கதவோரக் கட்டிலுக்குப் போய், ஒரு விரிப்பைச் சுருட்டி இரண்டு முடிச்சுப் போடுகிற அளவுக்கு நிச்சயமாக எப்படித் தெரியும்? அவளுக்கு உள்ளங்கை சில்லிட்டது. அந்தச் சில்லிப்பில் பயமும் இருந்தது, பயத்துக்குள் நூலிழையாக வேறொன்றும் இருந்தது. அதைத் தொட்டுப் பார்க்கவே அவளுக்குத் துணிச்சல் வரவில்லை.

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் கேட்டது.

இரண்டு நீளம். குட்டை வரவில்லை, இருமல் வந்தது.

ஒபீலியாவின் கையிலிருந்த கரண்டி விழுந்தது. யாரும் அசையவில்லை. மறுபடி கேட்டது, இன்னும் கிட்டத்தில். இரண்டு நீளம், ஒரு குட்டை.

ஐஸ் வண்டி ஒன்று வாசலில் நின்றது. எல்வுட் அதிலிருந்து இறங்கினான். மேலே ஆஸ்பத்திரி அங்கி, கீழே யாருடையதோ கால்சட்டை, இரண்டு கையிலும் கட்டு, புருவம் பொசுங்கிப்போய் முகமே வழித்துவிட்டாற்போல இருந்தது. வாசல் நிறைய நின்ற கூட்டத்தைப் பார்த்துத் திகைத்தான்.

“என்ன இத்தனை பேரு? யாரு செத்தா?”

“நீதான்டா!” என்று ரோஸ்கோ கத்தினார்.

“நானா? அப்போ கோழி எங்கே? எனக்கு ஒரு தொடையாவது வெச்சிருக்கீங்களா?”

சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் வீட்டிலிருந்து கிளம்பித் தெருவுக்குப் போயிற்று. பெண்கள் அவன் முதுகில் அடித்தார்கள். மோஸ்லி கசாப்பு மேலங்கியோடு ஓடி வந்து அவன் தலையைப் பிடித்து முத்தமிட்டார். வெர்லீன் மட்டும் மூட்டையை விடாமல் நின்றாள். அவன் அவளிடம் வந்து, கட்டுப்போட்ட கையால் அவள் கன்னத்தைத் தொட்டான்.

“போன் பண்ணேன். மூஞ்சியில வெச்ச ஆக்சிஜன் முகமூடியைக் கழட்டினதுமே பண்ணேன். லைனே கிடைக்கல. எத்தனை தடவை போட்டாலும் எங்கேஜ்டு.”

போனில் நாற்பது வீட்டுக்கும் சாவு சொன்னவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

“எங்கேடா இருந்தே?” ரோஸ்கோ கேட்டார்.

“நம்ம ஆஸ்பத்திரியில. ரயில் பாதைப் பக்கமா வெளிய வந்தேன், அங்க நின்னது வேற ஸ்டேஷன் ஆளுங்க. என் பேரு தெரியாது. பக்கத்து ஆஸ்பத்திரியில நம்மளச் சேர்க்கமாட்டாங்களே, ஏழு மைல் தள்ளிக் கொண்டுபோய்ப் போட்டுட்டானுங்க. எங்க கேப்டனுக்கு யாரு சொல்றது?” மூச்சு வாங்கினான். “உள்ள பாதி தூரம் போயிருப்போம். உத்தரம் ஒண்ணு விழுந்துச்சு. அதுவரைக்கும் என் கோட்டுல கை இருந்துச்சு. அப்புறம் இல்லே. குழாய் ஒத்தை ஆளுக்கு அடங்குமா? என்னைத் தூக்கி அடிச்சுப் போட்டுருச்சு. கண்ணு தெரியல. தரையில தண்ணி ஓடிச்சு, அது ஓடுற பக்கமாவே ஊர்ந்தேன். தண்ணி வெளிய போற இடத்துல கதவு இருக்கும்ல.”

சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான். சுவரோரம் பார்த்தான். தன் தட்டைப் பார்த்தான். அதை வைத்திருந்தவனைப் பார்த்தான். பிறகுதான் வெர்லீன் கையிலிருந்த படுக்கையைப் பார்த்தான்.

அவன் முதுகைத் தட்டிக்கொண்டிருந்த கைகள் விலகின.

டிரெஸ்லர் எழுந்து நின்றிருந்தான். எல்வுட் உள்ளே வந்ததிலிருந்தே அவன் நின்றுகொண்டுதான் இருந்தான். முகத்தில் கரி வழியாக இரண்டு கோடுகள் இறங்கியிருந்தன. ஆள் பிழைத்ததற்கு அழுதானா வேறெதற்காவது அழுதானா என்று வெர்லீனால் சொல்ல முடியவில்லை.

வெர்லீன்தான் கேட்டாள். கூட்டத்தில் குரல் உயர்த்திப் பேசி அறியாதவள். அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது.

“மிஸ்டர் டிரெஸ்லர், கேப்டன் இன்னும் தேடிக்கிட்டு இருக்காரு. இவரு செத்துட்டாருன்னு உங்களுக்கு யாரு சொன்னது?”

அவன் தட்டைப் பார்த்தான்.

“என் வீட்டு வாசல்வரைக்கும் இதைத் தூக்கிட்டு வந்தீங்க. எங்க வழக்கம் தெரிஞ்சு, ரெண்டு முடிச்சும் சரியாப் போட்டுத் தூக்கிட்டு வந்தீங்க. அதுக்கு ஒரு மனசு வேணும், இல்லேன்னு சொல்லல. ஆனா செத்தவருக்குத்தான் கொண்டாந்தீங்க. உசுரோட இருக்கிறவருக்கு என்ன கொண்டாரப் போறீங்க?”

ரோஸ்கோ மெதுவாகப் பதிவேட்டைத் திறந்தார். பதினொரு மாதப் பக்கங்கள். ஒவ்வொரு பதிவின் கீழும் எல்வுட்டின் கையொப்பம் மட்டும், சாட்சியாக இன்னொருவர் கையொப்பம் எந்தப் பக்கத்திலும் இல்லை. பென்சிலை மேசைமேல், டிரெஸ்லருக்கு எட்டுகிற இடத்தில் வைத்தார்.

“அடுத்த வியாழக்கிழமை விசாரணை,” என்றார். “பத்து மணிக்கு. உள்ளே நடந்ததை நீங்க சொன்னாப் போதும். கை எப்போ விட்டுச்சு, ஏன் விட்டுச்சு. பயத்துல விட்டேன்னாலும் சரி. பயம் எல்லாருக்கும்தான் வரும். ஒவ்வொரு தடவையும் அவனையே முன்னாடி நிறுத்தினது யாருன்னு மட்டும் சொல்லுங்க.”

வெளியே ஐஸ் வண்டிக்காரன் இயந்திரத்தை நிறுத்தினான். தட்டில் பாதிச் சோறு இருந்தது. டிரெஸ்லர் கரண்டியை எடுத்தான். நின்றபடியே ஒரு வாய் சாப்பிட்டான். இன்னொரு வாய். அவசரமே இல்லாமல், ஏதோ அதுவும் பாக்கியிருந்த வேலை மாதிரி, ஒரு பருக்கை விடாமல் வழித்துச் சாப்பிட்டான். எல்வுட் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சாப்பிட்டு முடித்ததும் தட்டைப் பென்சிலுக்குப் பக்கத்தில் வைத்தான். கை அங்கேயே சற்று நின்றது. பென்சிலுக்கும் அதற்கும் இடையே நான்கு விரல் தூரம்கூட இருக்காது. வெர்லீன் மூட்டையை இறுக்கிப் பிடித்தாள்.

பிறகு அவன் பென்சிலைத் தொடாமலே தொப்பியை எடுத்தான். எல்வுட்டைக் கடக்கும்போது அவன் தோள் லேசாக இவன் தோளில் பட்டது. கூட்டம் வழிவிட்டது. படியிறங்கி, மோஸ்லி கடையைத் தாண்டி, திரும்பிப் பார்க்காமல், ஒரு வார்த்தை பேசாமல் அவன் போய்விட்டான்.